கண்டியும் பண்டியும்

எங்கள் ஊரில் பேரிடர் குழு அமைத்த அன்று எனக்குக் கிடைத்த பதவி "எச்சரிக்கை". பதவிகளைப் பிரித்துக் கொடுத்தவர் திருப்பதியிலிருந்து வந்திருந்த பயிற்சி சார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை. தேடுதல், மீட்புக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். நீச்சல் தெரிந்த பையன்கள் எல்லாரும் கம்பெனி ஷிஃப்டுக்குப் போயிருந்ததால் நீச்சல் தெரியாதவர்கள் கையைத் தூக்கினார்கள். முதலுதவிக்கு, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் என் ஓரகத்தி. எச்சரிக்கை என்று சொன்னதும் யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாருடைய விரலும் என் பக்கம் திரும்பியது.

எனக்குத் தொண்டை பெரியது. மேல்தெருவில் நின்று நான் பிள்ளையைத் திட்டினால் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர் திரும்பிப் பார்ப்பார் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அதைப் புகழ்ச்சி என்றே இத்தனை வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதவியை நான் ஏற்றுக்கொண்டது ஊரைக் காப்பாற்ற அல்ல. என் நைனாவை அவர் வீட்டிலிருந்து கிளப்ப வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் சரிவில் இருக்கிறது. மேலே மெயின் ரோடு, அதை ஒட்டி மேட்டில் ஸ்கூல். அதற்குக் கீழே மேல்தெருவும் அம்மன் கோயிலும். அதற்கும் கீழே கீழ்த்தெரு. கீழ்த்தெருவின் முதுகில் ஏரிக்கரை. ஏரி நிரம்பினால் தண்ணீர் கீழ்த்தெருக் கூரைகளைவிட உயரத்தில் நிற்கும். கீழ்த்தெருவின் கடைசியில், கரையின் காலடியில் இருப்பது நைனாவின் வீடு. அம்மா போனபிறகு அதில் அவரும் ஒரு கன்னுக்குட்டியும் மட்டும்.

அடுத்தவர் நிலத்து வரப்போரமாகக் குடிசை போட்டு, அவர்கள் முகம் சுளித்தால் பெயர்த்துக்கொண்டு போன குடும்பம் எங்களுடையது. நைனாவின் பேருக்குப் பட்டா வந்த பிறகுதான் எங்களுக்கு விலாசம் என்று ஒன்று வந்தது. அதனால் அந்த இடத்தை விட்டு அவர் ஒரு ராத்திரி வெளியே தங்கமாட்டார். என் வீட்டுக்கு வந்தாலும் சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவார். வேலியை யாரோ நகர்த்திவிடுவார்கள் என்று பயம்.

"மழ பெருசா வந்தா என் வூட்டுக்கு வந்துடு நைனா" என்று ஒவ்வொரு ஐப்பசிக்கும் சொல்லுவேன்.

"தண்ணி வந்தா வடிஞ்சிடும். எடம் பூட்டா வருமா? ஊரே மேட்டுக்குப் போனாலும் நான் இங்கதான் கீறேன். நீ போய் உன் வேலையப் பாரு."

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் பயிற்சி சார் சொன்னபடி அவசரப் பை தயார் செய்து கொடுத்தேன். டார்ச், பேட்டரி, பிஸ்கட், காய்ச்சல் மாத்திரை, விசில், நைலான் கயிறு, பிளாஸ்டிக் கவரில் பட்டா நகல். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி, ஆபத்து வரும்வரை தொடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் போனால் பிஸ்கட் இல்லை.

"பசி ஆபத்து இல்லயா?" என்றார்.

அடுத்த வாரம் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குள் போயிருந்தது. மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்திருந்தார். கயிறு கன்னுக்குட்டியின் கழுத்தில் இருந்தது. பாதி காலியாகத் தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் பைக்குள் அந்த வருஷத்துப் புளியைக் கொட்டி வைத்திருந்தார். நான் போட்ட கூச்சலில் கன்னுக்குட்டி முளையைச் சுற்றி ஓடியது. நைனா மட்டும் அசையவில்லை.

பிறகு ஒத்திகை நாள் வந்தது. அது எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பயிற்சி சார் ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தார். கோயில் மைக்கில் அறிவிப்பு வரும். கேட்டதும் எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்கூல் மேட்டுக்கு ஏற வேண்டும். அறிவிப்பை நான் படிப்பதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் சார், முறைப்படி தயாரித்த குரல் பதிவு ஒன்று போனில் இருக்கிறது, அதையே போட்டுவிடலாம் என்றார். நல்ல தெலுங்கில், செய்தி வாசிக்கும் குரலில் ஒரு பெண் பேசியிருந்தார். என் தொண்டைக்கு வந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு மைக்கை போன் பக்கம் திருப்பினேன்.

"செருவுக்கு கண்டி படிந்தி" என்று ஆரம்பித்தது பதிவு.

ஏரி உடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தெலுங்கில் ஏரி செருவு, கரையில் விழும் உடைப்பு கண்டி, விழுந்தது என்பது படிந்தி. எங்களுக்குத் தெலுங்கு தெரியாது என்று சொல்ல முடியாது. ரேஷன் கடையில், பஸ்ஸில், ஆபீசில், பிள்ளைகளின் ஸ்கூலில் எல்லாம் தெலுங்குதான். ஆனால் ஏரியும் கரையும் எங்களுக்குத் தமிழில்தான் உடையும். கண்டி என்ற சொல் கீழ்த்தெருவில் யார் வாயிலும் புழங்கியதில்லை. பண்டி புழங்கும். பண்டி என்றால் வண்டி. ரேஷன் பண்டி, காய்கறி பண்டி என்று தினமும் காதில் விழுகிற சொல். எங்கள் கோயில் ஸ்பீக்கரோ திருவிழாவில் அடிபட்டு வாய் கோணிப்போனது. அதில் கண்டியும் பண்டியும் ஒன்றுதான்.

ஏரியில் வண்டி விழுந்துவிட்டது என்று ஊர் புரிந்துகொண்டது. "ஏரிக்கு வண்டி விழுந்தது" என்பது இலக்கணப்படி தப்பு. ஆனால் இலக்கணம் பார்த்துவிட்டு ஓடுகிற ஊர் எங்களுடையது அல்ல. அறிவிப்பில் முதல் வாக்கியத்துக்கு மேல் காது கொடுக்கிற பழக்கமும் இல்லை. மேட்டுக்குப் போங்கள், வயதானவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போங்கள் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஊர் முக்கால்வாசி ஏரிக்கரையில் இருந்தது. நடக்க முடியாது என்று பென்ஷனை வீட்டுக்கே வரவழைக்கும் பெரியவர்கள்கூடக் கரை ஏறியிருந்தார்கள்.

சார் ஸ்கூல் வாசலில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் வரவில்லை. கீழே தெருக்கள் வெறிச்சென்று கிடந்தன.

"எக்கடம்மா ஜனம்?" என்று என்னைக் கேட்டார். ஜனம் எங்கே என்று எனக்கும் தெரியவில்லை. இருவரும் தேடிக்கொண்டு போனோம்.

கரைமேல் ஊரே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிராக்டரா, ஆட்டோவா என்று சண்டை நடந்தது. எல்லாருக்கும் முன்னால், முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையில் நைலான் கயிற்றோடு என் நைனா.

"இன்னா நைனா இது?"

"வண்டி வுழுந்தா கட்டி இஸ்க்க வாணாமா? எந்தப் பக்கம் வுழுந்திச்சின்னு கேட்டு சொல்லு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சொந்த வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது என்றால் கட்டிலைவிட்டு இறங்காத மனுஷன், முன்பின் தெரியாத எவனுடைய வண்டிக்கோ கன்னுக்குட்டியை அவிழ்த்துவிட்டுக் கயிற்றோடு முதல் ஆளாக வந்திருக்கிறார்.

பயிற்சி சார் நல்லவர். யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊர் முழுக்க மிகக் குறைந்த நேரத்தில் வீடுகளைக் காலி செய்தது என்று எழுதிக்கொண்டார். எந்தப் பக்கம் காலி செய்தது என்று எழுத அந்தத் தாளில் இடமில்லையாம். போகும்போது அந்தக் குரல் பதிவை என் போனுக்கு அனுப்பிவைத்து, நிஜமாகவே ஆபத்து வந்தால் இதையே போடுங்கள், சொந்தமாக எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தக் கார்த்திகையில் மழை நிற்கவே இல்லை. போனுக்கு எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்தது. போனில் மழை என்று வந்தால் நம்பித் துணி காயப்போடலாம் என்று பேசிக்கொள்கிற ஊர், அதனால் யாரும் தலையைத் திருப்பவில்லை. ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்தபோதும் பிள்ளைகள் மீன் பிடிக்கத்தான் போனார்கள். நான் மட்டும் தினமும் குடையோடு கீழே இறங்கி நைனாவிடம் கெஞ்சுவேன், பிறகு திட்டுவேன், பிறகு குடையோடு மேலே ஏறுவேன்.

ஒரு நாள் காலையில் மதகு பார்க்கிறவரிடமிருந்து போன் வந்தது. கரைக்கு இந்தப் பக்கம், நைனாவின் வீட்டுக்கு நேராக, கசிவு இருக்கிறது. தெளிவாக வந்த தண்ணீர் இப்போது செம்மண் கலந்து வருகிறது, தாங்காது என்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மறக்காதது அது ஒன்றுதான். கலங்கின தண்ணீர் வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம்.

கோயிலுக்கு ஓடினேன். மைக்கைப் போட்டேன். போனில் அந்தப் பதிவைத் தேடி எடுத்து விரலை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். இதைப் போட்டால் என்ன ஆகும்? ஊரே ஓடி வந்து உடையப் போகிற கரைமேல் ஏறி நிற்கும். முதல் ஆளாக என் நைனா, கையில் கயிற்றோடு.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு என் வாயாலேயே தமிழில் சொன்னேன். ஏரி உடையப் போகிறது, எல்லாரும் ஸ்கூல் மேட்டுக்குப் போங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"இன்னைக்கும் டிரில்லாமே? மழ வுட்டதும் வெச்சிக்கக் கூடாதா?"

ஜன்னல் மூடிக்கொண்டது. தெருவில் ஒரு ஆள் இல்லை. இரண்டு தரம் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். கீழ்த்தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இந்த ஊர் முழுகினால் முழுகட்டும் என்றுகூட நினைத்தேன். அந்த ஊருக்குள்தான் நைனா இருந்தார்.

அப்போது வாயில் வந்ததை யோசித்துச் சொன்னேன் என்று இப்போது எல்லாரும் பாராட்டுகிறார்கள். யோசிக்கவில்லை. தானாக வந்தது.

"ஸ்கூல் கிட்ட மாங்கா லாரி கவுந்துடிச்சி. ரோடு பூரா மாங்கா. சீக்கிரம் வாங்க."

முதலில் ஒரு கதவு திறந்தது. பிறகு எத்தனை கதவு என்று சொல்ல முடியாது. கோணிப்பை, சாணிக்கூடை, பிளாஸ்டிக் குடம், துணி துவைக்கும் டப்பு, ஒரு வீட்டிலிருந்து தொட்டில் சேலை. பாட்டிகளைப் பேரன்கள் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கை அதிகம் இருந்தால் காய் அதிகம் பொறுக்கலாமே. பயிற்சி சார் கனவிலும் கண்டிராத ஒழுங்கில், ஊர் மழையில் நனைந்துகொண்டு மேட்டில் ஏறியது. நானும் மைக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன்.

ஸ்கூல் வாசலில் எல்லாரும் ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்கள். சத்தியவேடு பஸ் ஒன்று மட்டும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது.

"மாங்கா எங்கமே?" என்று டப்பை இடுப்பில் வைத்தபடி என் ஓரகத்தி கேட்டாள்.

"மாங்காவும் இல்ல, மண்ணும் இல்ல. ஏரி ஒடயப் போவுது. நெசத்தச் சொன்னா வந்தீங்களா?"

அதன்பிறகு எனக்கு விழுந்த வசவுகளை எழுத முடியாது. அவை என் காதில் ஏறவும் இல்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். கீழ்த்தெருக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். நைனா இல்லை. ஒத்திகைக்குக் கயிற்றோடு முதல் ஆளாக ஓடி வந்தவர், கவிழ்ந்த லாரிக்கு ஏன் வரவில்லை? வழி மறித்தவர்களைத் தள்ளிவிட்டுச் சரிவில் இறங்கினேன்.

மேல்தெரு முனையில் அவர் வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. தோளில் அவசரப் பை. ஒரு கையில் நைலான் கயிறு, கயிற்றின் மறுமுனையில் வர மறுக்கும் கன்னுக்குட்டி. சந்தைக்குப் போகிறவர் நடக்கிற நடை. நான் ஓடிப் போய்க் கன்னுக்குட்டியைப் பின்னாலிருந்து தள்ளினேன். நாங்கள் மேட்டை எட்டியபோது கீழே பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. வைதுகொண்டிருந்தவர்கள் ஏரிப் பக்கம் திரும்பினார்கள்.

கரை நைனாவின் வீட்டுக்கு நேராகத்தான் உடைந்தது. பழுப்புத் தண்ணீர் கீழ்த்தெருவில் நுழைந்து, வீடு வீடாகப் புகுந்து, மறுபக்கம் கழனியில் போய் விழுந்தது. நைனாவின் வீட்டுச் சுவர் சாய்வதை மேட்டிலிருந்தே பார்த்தோம். ஒரு மனுஷ உயிர்கூடக் கீழே இல்லை. டப்பும் கூடையும் குடமுமாக ஊர் முழுக்க ஸ்கூல் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மாங்காயைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று சாப்பாடு ஸ்கூல் அரிசியில் ஆயிற்று. குழம்புக்கு என்ன செய்வது என்று கேட்டபோது நைனா தன் பையைக் கவிழ்த்தார். அந்த வருஷத்துப் புளி மொத்தமும், நடுவில் பேட்டரி இல்லாத டார்ச்சும் விசிலும் பட்டா நகலும் விழுந்தன. ஊர் முழுக்கப் புளிசோறு தின்றது. நான் அந்தப் புளிக்காக அவரைத் திட்டியதை அவர் சொல்லிக்காட்டவில்லை. கன்னுக்குட்டியைக் கம்பத்தில் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கயிறு எடுத்துக்கினு லாரிய இஸ்க்கத்தான வந்த?" என்று கேட்டேன்.

"எந்த லாரி?"

"மாங்கா லாரி. மைக்ல சொன்னனே."

"கார்த்திகை மாசத்துல எந்த ஊர்ல மாங்கா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாங்காய் ஆனியில் வரும், மிஞ்சினால் ஆடி. கார்த்திகையில் சித்தூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் ஒரு பிஞ்சு கிடைக்காது. எனக்குத் தோன்றவில்லை, டப்பு தூக்கிய ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பொய்யின்னு தெரிஞ்சி இன்னாத்துக்கு வந்த அப்ப?"

அவர் கன்னுக்குட்டியைப் பார்த்தபடி சொன்னார். "ஏரி ஒடயுதுன்னு வருசா வருசம் சொல்றவதான் நீ. அதுக்கு வரணும்னு தோணல. ஆனா நீ பொய் சொல்லி நான் கேட்டதில்ல. ஊரு கேக்க மைக்ல நிக்க வெச்சி ஒண்ணு உன்ன பொய் சொல்ல வெக்கிதுன்னா, அந்த ஆபத்து வாசலுக்கு வந்துட்சின்னு கெளம்பிட்டேன்."

நான் அழுதேன். புளிசோற்றில் காரம் அதிகம் என்று சமாளித்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இடம் எங்கும் போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் வேலிக் கற்கள் போட்ட இடத்திலேயே இருந்தன. அதே இடத்தில் நைனா மறுபடி வீடு எழுப்பினார், இந்த முறை அடித்தளத்தை உயர்த்தி. பயிற்சி சார் மறுபடி வந்து, எங்கள் ஊருக்கு எந்த வார்த்தையில் அறிவிப்பு வேண்டும் என்று எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஊர் ஒரே குரலில் மாங்கா லாரி என்றது. ஸ்கூல் சுவரில் அது பெயிண்டில் எழுதப்பட்டும் விட்டது. மாங்கா லாரி என்றால் வெள்ளம், உடனே மேட்டுக்கு ஏறவும்.

இதில் ஒரு சிக்கல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனி மாசத்தில் ஒரு நல்ல வெயில் நாளில், ஜூஸ் ஃபேக்டரிக்குப் போன லாரி ஒன்று ஏரிக்கரை வளைவில் நிஜமாகவே சாய்ந்துவிட்டது. டிரைவருக்கு ஒன்றும் இல்லை, சரக்குதான் வயலெல்லாம் உருண்டது. உதவிக்கு ஆள் கூப்பிட நான் மைக்கைப் போட்டு, "மாங்கா லாரி கவுந்துடிச்சி, ஏரிக்கர வளைவுல, லாரிய நிமித்த ஆளுங்க வாங்க" என்றேன். முதல் வாக்கியத்துக்கு மேல் யார் கேட்டார்கள்? கதவுகள் திறந்தன. பாட்டிகள் முதுகில் ஏறினார்கள். ஊர் அவசரப் பைகளோடு, கொளுத்தும் வெயிலில், ஸ்கூல் மேட்டுக்கு ஏறியது. நான் பின்னாலேயே போய், இது நிஜ லாரி, நிஜ மாங்காய் என்று அடித்துச் சொன்னேன். ஒருவரும் இறங்கவில்லை. மைக்கில் பொய் சொன்னவள் என்ற பேர் எனக்கு நிலைத்துவிட்டதே. பக்கத்து ஊர்க்காரர்கள் கரை வளைவில் மூட்டை மூட்டையாகக் கட்டுவதை மேட்டிலிருந்து எல்லாரும் வேடிக்கை பார்த்தோம்.

நைனாவை மட்டும் காணவில்லை. இந்தத் தரம் நான் பயப்படவில்லை, மாசம் எனக்கும் தெரியும். வெகுநேரம் கழித்துத் தலையில் ஒரு கோணிப்பையும் தோளில் நைலான் கயிறுமாக அவர் மேட்டில் ஏறி வந்தார். கயிறு கட்டி லாரியை நிமிர்த்த உதவியதற்கு டிரைவர் ஒரு மூட்டை கொடுத்தாராம். அவர் வீடு லாரி சாய்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூட்டையோடு நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். வேர்வையில் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார்.

"தண்ணி ஒண்ணும் வரலன்னு உனக்குத் தெரியுமே நைனா. வெயில்ல இங்க இன்னாத்துக்கு ஏறி வந்த?"

மூட்டையை இறக்கி, ஒரு காயை எடுத்து வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"ஊரே இங்க கீது. நான் மட்டும் அங்க இன்னா பண்றது?"